அமாவாசை லீவு

எங்கள் வீட்டுத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, புடவையின் நடுப்பகுதிக்கு ஊடை நூல் வைத்த நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிவார். வேறு நிறத்தில் வரும் பார்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் எறிவேன். ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும். கல்யாணமானதிலிருந்து அவருக்கு ஒரு முழ தூரத்திலேயே இருக்கிறேன். ஆரணியில் எங்கள் தெருவுக்கு லீவு என்றால் அமாவாசைதான். அன்று யாரும் தறியில் கை வைக்க மாட்டோம்.

எனக்கு ஸ்ரீரங்கம் போக வேண்டும். சாமிக்காக அல்ல. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அந்தத் தீவில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. போனில் பார்த்துப் பார்த்து அவரை நச்சரித்தேன். கடைசியில் ஆடி அமாவாசைக்குத் தெருக்காரர்கள் வேன் பிடித்தார்கள்.

லீவு கிடைத்த சந்தோஷத்தில் அது என்ன நாள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. கொள்ளிடம் பாலத்தில் வேன் நின்றது. நின்றது நின்றதுதான். செத்தவர்களுக்குத் திதி கொடுக்க ஊர் உலகமே ஆற்றுக்கு வந்திருந்தது.

"வந்தது வந்துட்டோம். எங்கப்பாவுக்குத் திதி குடுத்துட்டு ஜல்தியா வந்துடறேன்" என்றார் அவர்.

இதற்கு எப்படி வேண்டாம் என்பது? அவருடைய சட்டை, செருப்பு, போன் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்தேன். முன்னால் முதுகுகள், பின்னால் முழங்கால்கள். காவிரி கண்ணிலேயே படவில்லை. இத்தனை தூரம் வந்தும் தறிப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரியே மூச்சு முட்டியது. அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அங்கே நிறைய பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

பூங்காவை அடைந்தபோது டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வாசலில் இருந்த செடியில்கூட ஒரு பூச்சி இல்லை.

"வுடு, அடுத்த அமாவாசைக்கு வரலாம்" என்றார் அவர்.

"அடுத்த அமாவாசைக்கும் கூட்டம் இங்கதாங்க இருக்கும். நமக்கு லீவு வுடற அன்னிக்குத்தான் எல்லாரும் ஆத்துக்கு வராங்க. சாவற வரைக்கும் இந்த கேட்டையே பாத்துகினு நிக்கணுமா?"

வேனில் ஏறிய பிறகும் தெருக்காரர்கள் நான் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போளூர் தாண்டும்வரை முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் போலிருக்கிறது என்று நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊர் நெருங்கி, களம்பூர் வந்தபோது மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார்.

"எனக்கும் அந்தக் குழியில உக்காந்து உக்காந்து பேஜாரா கீது. தறி ஒரு நாள் நின்னா நிக்கட்டும். அமாவாசை வேணாம், சாதா நாளா ஒண்ணு பாரு."