குழாய்க்கு அடியில் திருநீறு

மருத்துவமனை நடைவழியில் குளிர்காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டிருந்தேன். தாதி என் மேற்கையில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இதென்ன சாம்பல்?” என்று கேட்டார்.

திருநீறு. குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தில் நன்றாக அப்பியிருந்தது.

எனக்கு லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்). கீமோ மருந்து ஏற்றுவதற்காக மாதக்கணக்கில் கையில் அந்த மெல்லிய குழாய். அதில் கிருமி தொற்றினால் நேரே இரத்தத்துக்குப் போகும். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லியிருந்தேன், ஆறு வயது மகள் ஆரணியைத் தவிர. அவளிடம் தடிமன், வெறும் சளி என்று சொன்னேன். தடிமனுக்கு யாருக்காவது தலைமயிர் கொட்டுமா?

எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு உதவிக்கு வந்திருந்த மச்சாள் ஆரணிக்குப் பக்திக் கார்ட்டூன் போட்டுக் காட்டியிருக்கிறார். அதில் ஒரு சிறுமி தாய்க்குத் திருநீறு பூசியதும் எமன் எருமையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். இருபது நிமிடத்தில் விஷயம் முடிந்தது. எனக்கு ஆறு மாதமாக முடியவில்லை.

தொலைபேசியில் மச்சாளைப் பிடித்துக் கத்தினேன்.

“நல்லதைத்தானே காட்டினனான். நீங்கள் பிள்ளைக்கு ஒண்டும் சொல்லேல்லை. அது என்னட்டக் கேட்டது.”

அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல்.

குழாயைக் கழற்றினார்கள். இரண்டு நாள் நான் தப்புவேனா என்றே தெரியவில்லை. காய்ச்சல் இறங்கியதும் டாக்டர், “மகளை ஏசாதேங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ” என்றார்.

ஆரணி கட்டிலருகே வந்து நின்றாள். “நீங்க நித்திரை கொள்ளேக்க பூசினனான். பிறகேன் காய்ச்சல்? நான் வடிவாக் கும்பிடேல்லையோ?”

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றும் தெரியாது.

“உன்ர பிழை இல்லை. அம்மாவுக்குத் தடிமன் இல்லை, பெரிய வருத்தம். அதுக்குத்தான் மருந்து.”

“சாவீங்களா?”

“தெரியேல்லை. சாகாமல் இருக்கத்தான் பாக்கிறம்.”

“அப்ப சாமி?”

“அதுவும் எனக்குத் தெரியேல்லை. பயமா இருந்தா ரெண்டு பேருமாக் கும்பிடுவம். திருநீறு நெத்தியில மட்டும்.”

பிள்ளைகளுக்கு இப்படியான படங்களைப் போட்டுக் காட்டுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படம் முடிந்ததும் எழுந்து போகாதீர்கள். அவர்கள் அதற்குப் பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

சிகிச்சை முடிந்துவிட்டது. இந்த உடம்பை இனி முழுதாக நம்ப மாட்டேன். டாக்டர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் எடுக்கிறார்கள். ஆரணிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தினமும் காலையில் பள்ளிக்கூட வான் வண்டியில் ஏறுமுன், “இண்டைக்குச் சாக மாட்டீங்கதானே?” என்று கேட்கிறாள். வான்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருப்பார்.

“இண்டைக்கு இல்லை. ஏறு.”

அவள் நம்பி ஏறிவிடுகிறாள். இரண்டு மணிக்கு வான் திரும்பி வரும்வரை நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியாக வேண்டும்.