கரண்ட் வைக்கிற சேர்

ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில் கிண்ணியாவிலிருந்து வந்த நானா ஒருவர் தோள் பிடிப்போடு இருந்தார். முழங்கால் நோவோடு ஒரு ரீச்சர். அடுத்த கட்டிலில் நான். பிறகு, எங்களுக்குக் கரண்ட் வைக்கிற சேர்.

சேர் மெலிந்தவர். யாருக்கு வைப்பதற்கு முன்னும் கரண்ட் பட்டையைத் தன் கையில் ஒட்டிப் பார்ப்பார். விரல் துள்ளினால் தலையாட்டுவார்.

எனக்குக் கால் முறிந்திருந்தது. மாவுக்கட்டை அவிழ்த்தபோது தொடையில் சதை இல்லை. நான் உப்புவெளிக் கடற்கரையில் மற்றவர்களோடு நின்று கரைவலை இழுக்கிறவன். கால் ஊன்ற ஏலாதவனுக்குக் கயிற்றில் இடமில்லை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி என் இடத்துக்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

“விண்வெளிக்குப் போறவையளுக்கும் இப்பிடித்தான் சதை கரையும். அவையளுக்கும் இந்தக் கரண்டை வைச்சுப் பாக்கினம்,” என்றார் சேர்.

“நான் கட்டில்லதானே சேர் கிடந்தனான்?”

“எங்க சும்மா கிடந்ததெண்டு காலுக்குத் தெரியாது.”

“பாருங்க ரீச்சர், தம்பி சந்திரனுக்குப் போய்த்து வந்திருக்கார்!” என்றார் நானா.

மிச்சத்தைக் கரண்ட் பார்த்துக்கொள்ளும் என்று கண்ணை மூடிப் படுத்தேன். சேர் காலில் தட்டினார்.

“அது இழுக்கேக்க நீங்களும் இழுக்க வேணும். கரைவலையை ஒராள் தனிய இழுக்கிறதோ?”

அடுத்த முறை சதை துள்ளியபோது “ஏலேலோ” என்று சத்தமாக இழுத்தேன். நானாவும் ரீச்சரும் குரல் கொடுத்தார்கள். சேருடைய இரண்டு கையும் கயிறு பிடித்ததுபோல் மடங்கியிருந்தன. எந்தக் கரையில் இழுத்தவரோ, நான் கேட்கவில்லை.

இன்று காலை உப்புவெளிக் கரையில் கயிற்றில் நின்றவர்களை எண்ணினேன். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர்.