கிட்டப் போய் எடுத்த படங்கள்

திருத்தணி மலையில் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்த வருகிறவர்களில் சிலர், முன்கூட்டியே பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போன் செய்து, "அந்தம்மாதானே வருவாங்க?" என்று கேட்டுக்கொள்வார்கள். அந்தம்மா என்பது சுஜாதா. ஸ்டுடியோ அவள் கணவன் பூபாலனுடையது. கல்யாணம் என்றால் பூபாலன் போவான். ட்ரோன், விளக்கு, ஆட்கள் என்று ஒரு வேன் நிறையக் கிளம்பும். கைக்குழந்தை என்றால் சுஜாதா ஒருத்திதான். கையில் புதுக் கேமரா. அதில் மாட்டியிருக்கும் லென்ஸ் மட்டும் அவளைவிட வயதில் மூத்தது.

பூபாலன் சென்னையில் ஒருவரிடம் கைமாறிய கேமரா ஒன்றை வாங்கியபோது கொசுறாக வந்த லென்ஸ் அது. இரும்பும் கண்ணாடியுமாகக் கனத்தது. விளிம்பைச் சுற்றி எழுதியிருந்த எழுத்தை வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. நம்ம கேமராவுக்குச் சேராது என்று மேஜை டிராயரில் போட்டுவிட்டான். அப்போது சுஜாதா ஆர்.கே.பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கம்ப்யூட்டரில் ஆல்பம் வேலை பழகிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு வளையம் வைத்தால் எந்த லென்ஸையும் மாட்டலாம் என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டு, வளையத்தை ஆன்லைனில் வரவழைத்தாள். மாட்டியதும் கேமரா, லென்ஸே இல்லை என்றது. மெனுவுக்குள் தேடி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, படம் எடு என்று அதற்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"கண்ணெதிர்ல இருக்கறத இல்லன்னுது பாரு" என்று பூபாலன் சிரித்தான்.

புது லென்ஸ் முகத்தைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். இதில் எல்லாம் கைவேலை. லென்ஸின் மேலிருக்கும் வளையத்தைத் திருப்பத் திருப்ப, தெளிவான இடத்தின் ஓரங்கள் திரையில் சிவப்பாக மினுங்கும். மினுக்கம் கண்ணிமைக்கு வந்த நேரம் பார்த்து அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் காது தெளிவாக இருக்கும், கண் மங்கிக் கிடக்கும். ஆனால் அந்த லென்ஸ் சத்தம் போடவில்லை. முன்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. எதிரில் இருப்பவர் கேமராவை மறந்துபோகிற அளவுக்கு அமைதியாக இருந்தது. அது ஒன்றே அவளுக்குப் பிடித்துப்போனது.

அந்தச் சமயத்தில்தான் கயல்விழி வீட்டுக்கு வந்தாள். பூபாலனின் தம்பி ஸ்ரீதர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். அவன் மனைவி சுதாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு முதுகெலும்பில் காசநோய் கண்டு, படுத்த படுக்கையாகிவிட்டாள். குழந்தையைத் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். தவழத் தொடங்கியிருந்த கயலை ஸ்ரீதர் கொண்டுவந்து அண்ணியின் கையில் கொடுத்தான். சுஜாதாவுக்குப் பிள்ளை இல்லை. வேலூர், சென்னை என்று ஆஸ்பத்திரி வாசல்கள் ஏறி இறங்கி அலுத்து, கணவனும் மனைவியும் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டிருந்த காலம்.

தவழுகிற குழந்தையைக் கையால் வளையம் திருப்பித் துரத்திப் பிடிக்க முடியுமா? சுஜாதா ஒரு வழி கண்டுபிடித்தாள். வளையத்தைக் கை நீட்டும் தூரத்துக்கு வைத்துவிட்டு, அதைத் தொடாமல், தரையில் உட்கார்ந்து தன் உடம்பையே முன்னும் பின்னும் அசைத்தாள். கயல் அதை விளையாட்டு என்று நினைத்துத் தானும் ஆடியது. முதல் பல், முதல் நடை, வாயெல்லாம் களி அப்பிக்கொண்டது, எல்லாம் அப்படி எடுத்தவைதான். பெரிம்மா என்று சொல்லித்தான் பழக்கினாள். குழந்தை முன்பாதியை விழுங்கிவிட்டு "ம்மா" என்றது. சுஜாதா திருத்தவில்லை.

சுதா எழுந்து நடமாடத் தொடங்கியபோது கயலுக்கு மூன்று வயது நிரம்பிவிட்டது. பெற்றவள் பிள்ளையைக் கேட்டாள். அதில் யாரைக் குற்றம் சொல்ல முடியும்? எடுத்த படங்களை எல்லாம் பூபாலன் தம்பிக்குப் பிரிண்டு போட்டுக் கொடுத்தான். கிளம்புகிற நேரத்தில் சுஜாதா தன்னைப் பார்த்துக் குழந்தை அழக்கூடாது என்று பின்கட்டுக்குப் போய்த் துணி அலசிக்கொண்டிருந்தாள். அலசிய துணியையே திரும்பத் திரும்ப அலசினாள்.

அதற்குப் பிறகுதான் அவள் மலைக்குப் போய்க் குழந்தைகளைப் படம் எடுக்கத் தொடங்கியது. ஊரார் கைராசி என்றார்கள். அவளுக்கு வேறு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வளையம் திரும்பும்போது திரையில் முதலில் ஒரு மங்கலான உருண்டை முகம் வரும். அது யார் என்று துலங்குவதற்கு முந்தின நொடியில், எந்தக் குழந்தையும் கயலாக இருக்கலாம். அப்புறம் கண் தெரியும், மூக்கு தெரியும். வேறு யாரோ பெற்ற பிள்ளை. சில நாள் வளையத்தை வேண்டுமென்றே மெதுவாகத் திருப்பினாள்.

போன தை மாதம் ஸ்ரீதர் போன் செய்தான். கயலுக்குப் பின் பிறந்த தம்பிக்கு மொட்டை. "அண்ணி, நீங்கதான் படம் எடுக்கணும்" என்றான்.

கயல் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மொட்டையன்று மலையில் பார்த்தபோது நன்றாக வளர்ந்திருந்தாள். முன்பல் விழுந்திருந்தது. தெரிந்தவர்களைப் பார்ப்பது போல ஒரு மரியாதைச் சிரிப்பு சிரித்துவிட்டு அம்மாவின் பின்னால் நின்றுகொண்டாள். பெரிம்மாவை வீடியோ காலில் எப்போதாவது பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். கேமராவைத் தூக்கியதும் இரண்டு விரலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

முடி மண்டபத்தில் தம்பி வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். தாய்மாமன் மடியில் அவனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுஜாதா அதை எடுத்து முடித்துவிட்டு, தூண் ஓரமாக நின்ற கயலின் பக்கம் திரும்பினாள். தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன் பெரிம்மா கீழ உக்காந்துகினீங்க?"

"உன் உசரத்துக்கு வர்றதுக்கு."

கயல் கொஞ்சம் கிட்ட வந்தாள். "நான் சின்ன பாப்பாவா இருக்கச்ச உங்க வூட்ல இருந்தேனாம். நைனா சொன்னாரு."

"ஆங். இருந்தே."

"அப்ப உங்கள என்னான்னு கூப்பிடுவேன்?"

வளையத்தின் மேலிருந்த விரல் நகர்ந்துவிட்டது. திரையில் குழந்தையின் முகம் கலைந்துபோனது. சுஜாதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பெரிம்மான்னுதான்" என்றாள்.

கயலுக்கு அது போதும் போலிருந்தது. தம்பியின் மொட்டைத் தலையைப் பார்க்க ஓடிவிட்டாள். பின்னால் நின்றிருந்த சுதா மெல்ல வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுஜாதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்குக்கா அப்பிடி சொன்னீங்க? உங்கள அம்மான்னுதான் கூப்பிடுவா. எனுக்குத் தெரியும்."

சுஜாதா லென்ஸுக்கு மூடி போட்டாள். "இப்ப எதுக்கு அது. குழந்த கொழம்பிக்கும்."

"பாவா குடுத்தாரே, அந்தப் போட்டோங்கள நான் பார்க்காத நாள் இல்ல" என்றாள் சுதா. பூபாலனை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள். "முதல்ல, இவ நடந்தத நாம பார்க்கலியேன்னு பார்ப்பேன். அப்புறம்தான் கண்டுகினேன். எந்தப் படத்த எடுத்தாலும் அவ கேமராவப் பார்க்கலக்கா. அதுக்கு மேல பார்க்கறா. உங்க முகத்தப் பார்க்கறா. நான் போன்ல எடுத்தா போனத்தான் பார்க்கறா."

அந்தப் படங்களை சுஜாதாவும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். தான் குழந்தையைப் பார்த்தது மட்டுமே அவற்றில் இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"பொறாமையாத்தான் இருக்கும்" என்று சுதா தொடர்ந்தாள். "அந்த வருஷங்க எனுக்குத் திரும்ப வராது. உங்களாண்டயிருந்து பிரிச்சினு போனதும் சரியா, தப்பா, தெரியலக்கா."

"தப்பு இல்ல சுதா" என்றாள் சுஜாதா. "உன் பொண்ணு." லென்ஸ் மூடியைத் தடவிக்கொண்டே, "எனுக்குக் கையி சும்மா இருக்கறதுதான் தாங்கல" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சுதா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

தரிசனம் முடித்து வெளியே வந்ததும் சுதா மகளைக் கூப்பிட்டாள். "பெரிம்மா வூட்ல ரெண்டு நாள் இருந்துட்டு வர்றியா? நைனா வந்து கூட்டினு போவாரு."

கயல் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "வேணாம். நான் உங்கூடவே வர்றேன்."

"கட்டாயப்படுத்தாத. அவளுக்கா தோணணும்" என்று சுஜாதா சிரித்தாள். சிரித்த முகத்தோடேயே கேமரா வாரைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள்.

இறங்குகிற வழியில் காவடிக் கூட்டம் ஒன்று எதிரே ஏறி வந்தது. எல்லோரும் ஓரத்துக்கு ஒதுங்கியபோது கயல் பயந்து, பக்கத்தில் இருந்த கையை எட்டிப் பிடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அம்மா இல்லை, பெரிம்மா. கையை விடவில்லை. காவடி போன பிறகும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் தன் பக்கத்தில் உட்காரும் பெண்ணைப் பற்றி, அவள் பென்சிலைக் கடிப்பதைப் பற்றி, ஓசூர் வீட்டு மாடியில் வருகிற குரங்கைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். சுஜாதா "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டு, இருக்கிற படிகளையெல்லாம் எவ்வளவு மெதுவாக இறங்க முடியுமோ அவ்வளவு மெதுவாக இறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. கயல் கையை உதறிக்கொண்டு ஜன்னல் சீட்டுக்கு ஓடினாள். பஸ் நகர்ந்தபோது, "பரிச்ச லீவுல வருவேன் பெரிம்மா" என்று கத்தினாள். அது நிஜமாக நினைத்துச் சொன்னதோ, சுதா சொல்லிக்கொடுத்ததோ தெரியவில்லை.

ஒரு கல்யாண வேலையை முடித்துக்கொண்டு பூபாலன் அப்போதுதான் பைக்கோடு வந்து நின்றான். "சாப்பிட்டியா?"

"இல்ல."

"என்னா சொன்னா கயலு?"

"லீவுல வர்றாளாம்" என்றாள் சுஜாதா. பைக்கில் ஏறாமல், பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பூபாலன் அவசரப்படுத்தவில்லை. வண்டியை அணைத்துவிட்டு அவனும் நின்றான்.