இக்னிஷன் பெட்டிக்கு மெத்தை போட்டேன்

மூன்றாவதோடு பள்ளியை விட்டவன் நான். பேரணாம்பட்டில் சொந்தத் தோல் ஷெட் கட்டினேன், மாடி வீடு கட்டினேன், காயலான் கடைக்குப் போக இருந்த அம்பாசிடரை வாங்கி ஓட வைத்தேன். இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பழைய பாயிண்டைக் கழற்றிவிட்டு, மலிவாகக் கிடைத்த எலக்ட்ரானிக் இக்னிஷனை நானே மாட்டினேன். அதிர்வு தாக்காதிருக்க அந்தப் பெட்டிக்கு அடியில் தடித்த தோலை மெத்தையாக வைத்தேன்.

பிரசவ வலி எடுத்த மகளை வேலூருக்கு அழைத்துப் போகும் வழியில், குடியாத்தம் தாண்டி இஞ்சின் நின்றது. எத்தனை முறை செல்ஃப் அடித்தும் கிளம்பவில்லை. கைகாட்டியும் ஒரு வண்டிகூட நிற்கவில்லை.

“அப்பா, முடியலப்பா!” என்று மகள் அலறினாள்.

“செருப்புக்கு வைக்கிற தோல வண்டிக்கு வச்சியேய்யா, இப்ப இன்னா பண்ணுவ?” என்று என் மனைவி கதறினாள்.

பெட்டியைத் தொட்டேன், கை சுட்டது. சூடு வண்டியின் இரும்பில் இறங்க முடியாமல் தோல் தடுத்திருந்தது. தோலைப் பிடுங்கி எறிந்தேன். ஈரத்துணியால் பெட்டியை ஆற்றி, இரும்போடு சேர்த்து முடுக்கினேன். வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரி வாசலைத் தொட்ட சிறிது நேரத்தில் பேத்தி பிறந்தாள்.

இப்போது சூடு தாங்குமா என்று நாலு அம்பாசிடர்காரர்களைக் கேட்டுத்தான் இக்னிஷன் வாங்குகிறேன். அவசரத்துக்கு மாட்ட பழைய பாயிண்டும் டிக்கியில் இருக்கிறது.

சம்பந்தி வீட்டார் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவை மட்டும் புகழ்கிறார்கள். நடுரோட்டில் வண்டியைக் கிளப்பியவன் நான். அதை உங்கள் பத்திரிகையில் என் பெயரோடு போடுங்கள்.