ஃபோர்துனாத்தா டீச்சரின் நூறு டிகிரி

பொத்தோசி மலைநகரத்தில் ஃபோர்துனாத்தா டீச்சரிடம் படிக்காதவர்கள் குறைவு. படித்தவர்களில் முட்டை வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. இருபத்தாறு வருஷமாக அதே பள்ளி, அதே அறிவியல் பாடம். புத்தகத்தில் அச்சாகிவிட்டால் அது அவருக்குக் கல்வெட்டு. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று சொல்லும்போது அவர் குரல் பூசை வைக்கும் பாதிரியாரின் குரல் மாதிரி இறங்கிவிடும். அத்தனை வருஷமும் அந்தப் பள்ளியில் வெப்பமானி என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வருஷம் ஒன்று வந்து சேர்ந்தது. வந்த சூட்டோடு எவெலினா என்ற பெண் அதைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். ஆண்டுத் தேர்வில், தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்ற ஒரு மார்க் கேள்விக்கு “எண்பத்தாறு” என்று எழுதியும் வைத்தாள். டீச்சர் போட்டார் முட்டை. மொத்தம் ஐம்பது. ஐம்பத்தொன்று இருந்தால்தான் தேர்ச்சி; இல்லையென்றால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் குந்த வேண்டியதுதான்.

மறுநாளே அவள் அம்மா சத்துர்னினா, சந்தையில் சூப் விற்பவள், பாவாடை சரசரக்க வந்து நின்றாள்.

“டீச்சர், என் பொண்ணு கண்ணால பாத்ததைத்தானே எழுதியிருக்கா?”

“கருவி பொய் சொல்லுதும்மா. புத்தம் புதுசு. யாரும் அதுக்குச் சல்லா பண்ணவே இல்லியே!”

அதானே! தலைமையாசிரியர் டோன் அபுந்தியோவுக்கும் அது நியாயமாகப் பட்டது. லாரியோ அடுப்போ, புதிதாக எது வாங்கினாலும் பூமித்தாய்க்குப் பீர் ஊற்றிச் சல்லா பண்ணாமல் எவன் தொடுவான்? ஊற்றாத லாரி கவிழும், ஊற்றாத வெப்பமானி உளறும். வெள்ளிக்கிழமை முழு வகுப்பும் கூடியது, சத்துர்னினாவும் வந்துவிட்டாள். வெப்பமானியின் கழுத்தில் வண்ணக் காகிதச் சுருளைச் சுற்றினார்கள், பூ தூவினார்கள். பீரில் பூமித்தாய்க்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு, டோன் அபுந்தியோ தனக்கு நிறையவே ஊற்றிக்கொண்டார்.

பிறகு அடுப்பைப் பற்றவைத்தார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. எண்பத்தாறு.

“இன்னொரு தடவை ஊத்திப் பாப்போமா?” என்றார் அபுந்தியோ ஆசையாக.

“நீங்க சும்மா இருங்க சார்!” என்று அதட்டினார் டீச்சர்.

முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் வெப்பமானியைத் துடைத்து மறுபடி தண்ணீரில் விட்டார். அதே எண்பத்தாறு.

“உங்க வீட்ல மொச்சையை எதுல டீச்சர் வேக வைப்பீங்க?” என்று கேட்டாள் சத்துர்னினா.

“குக்கர்லதான். வெறும் சட்டியில போட்டா சாயங்காலம் வரைக்கும் கல்லு மாதிரி கிடக்குமே.”

“ஏன் டீச்சர்?”

டீச்சர் பாடப் புத்தகத்தைப் புரட்டினார். நாலாம் பாடம்: உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். ஏழாம் பாடம்: தண்ணீர் கொதிக்கும். இரண்டையும் வருஷா வருஷம் நடத்தியவர்தான். ஒன்றோடொன்று பேசவிட்டதே இல்லை. நாலாயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீரை மேலிருந்து அழுத்தும் காற்று குறைவு. அதனால் குறைந்த சூட்டிலேயே அது ஆவியாகித் துள்ளிவிடுகிறது. அந்தச் சூட்டுக்கு மொச்சை வேகாது. குக்கர் அந்த ஆவியை அடைத்துவைத்து, குறைந்த அழுத்தத்தை ஈடுகட்டுகிறது. புத்தகம் எழுதிய புண்ணியவான் கடற்கரைக் கணக்கை எழுதிவிட்டுப் போயிருக்கிறான். இந்த நாட்டுக்குக் கடலே கிடையாது, பாவி!

அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் முன்னாலேயே சொன்னார்: “எவெலினா எழுதினதுதான் சரி. தப்பு என் மேல.” சிவப்புப் பேனாவால் ஐம்பதை அடித்து ஐம்பத்தொன்று போட்டார். கூரை பறக்கிற மாதிரி கத்திக்கொண்டு பிள்ளைகள் வெளியே ஓடினார்கள்.

சத்துர்னினா மட்டும் நகரவில்லை.

“இன்னும் என்னம்மா?”

“என்னை அடையாளம் தெரியலியா டீச்சர்? நீங்க வேலைக்குச் சேர்ந்த வருஷம், கடைசி பெஞ்சு. கொதிக்கிற தண்ணியில மொச்சை ஒரு மணி நேரத்துல வெந்துடுமான்னு கேள்வி கேட்டீங்க. வேகாதுன்னு எழுதினேன். முட்டை போட்டீங்க. அந்த ஒரு மார்க்குல ஃபெயிலாயிட்டேன். அதோட படிப்பை நிறுத்திட்டாங்க.”

பேனா இன்னும் டீச்சரின் கையில்தான் இருந்தது.

“அந்தப் பேப்பர் இருக்கா சத்துர்னினா? கொண்டா, இப்பவே திருத்திடறேன்.”

“அதை அன்னிக்கே அடுப்புல போட்டு எரிச்சுட்டேன் டீச்சர்,” என்றாள் அவள். “அதுலயும் மொச்சை வேகல.”