படத்தைத் தாங்கிய ஆணி

எங்கள் வீட்டுத் திருநீற்றுச் சம்புடத்துக்குள் துருப்பிடித்த ஆணி ஒன்று கிடக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் திருநீறு எடுக்க விரலை விட்டால் சில நாள் அதுதான் முதலில் தட்டுப்படும். முனை மட்டும் கருகிக் கறுத்திருக்கும். அதைச் சுவரில் அடித்தவன் நான். பிடுங்கி என் கையில் கொடுத்தவர் ஒரு வயர்மேன்.

தர்மபுரியில் எங்கள் தெருவுக்கு மேட்டூர் கரண்ட் வந்த புதிதில், சின்னதாகப் புளி மண்டி வைத்திருந்த நானும் ஆசைப்பட்டு வீட்டுக்கு லைன் இழுத்தேன். அந்தக் காலத்தில் கம்பிகளைத் தேக்குப் பட்டிக்குள் வைத்து, மேலே இன்னொரு பட்டியால் மூடிச் சுவரோடு அடிப்பார்கள். எங்கள் சுவரோ மண்சாந்தும் சுண்ணாம்பும். ஆணி அடித்தால் பொலபொலவென்று கொட்டும். அதனால் பழனி முருகன் படத்தை மாட்ட வழியில்லாமல் தரையில் சாய்த்தே வைத்திருந்தோம். பட்டி வந்ததும், சாமிக்கென்றே ஒரு கட்டை வந்தது என்று மகிழ்ந்து அதன் மேலேயே ஆணி அடித்தேன். கெட்டியாக நின்றது. தீர்த்தமலைக்குப் போகும்போதெல்லாம் தீர்த்தம் கொண்டுவந்து வெள்ளிதோறும் படத்தின் மேல் தெளிப்பேன். என் மனைவி குள்ளம். மர முக்காலியில் ஏறி நின்று அந்த ஆணியில் மாலை போடுவாள். சில நாள் விரல் சுருக்கென்கிறது என்பாள். சாமி படமாயிற்றே, அப்படித்தான் இருக்கும் என்று நானும் சொல்லிவிடுவேன். பத்து வருஷம் இப்படியே போயிற்று.

யுத்தம் முடிந்த பிறகு ஓர் ஆடி மழையில் கூடத்துச் சுவர் வெடித்தது. கொத்தனார் பூச்சைச் சுரண்டும்போது பட்டியில் கருகல் இருப்பதைப் பார்த்து, வயர்மேனைக் கூப்பிடச் சொன்னார். வந்தவர் வெளியூர்க்காரர். ஊருக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதிகம் பேசமாட்டார். செம்புக் கம்பி லேசில் கிடைக்காத காலம் அது. பழைய வீடுகளில் லைன் கெட்டுவிட்டது என்று சொல்லிக் கம்பியை உருவிப் போய் வேறிடத்தில் போடுகிறார்கள் என்று மண்டியில் பேச்சு இருந்தது. அதனால் அவர் ஏணியை எடுத்ததுமே நானும் கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன். பட்டியைத் தட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். கம்பிமேல் சுற்றிய ரப்பர் உதிர்ந்து தூளாகிவிட்டது, முழுக்க மாற்ற வேண்டும் என்றார். கம்பிக்கு அடிபோடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "அம்மா எந்தெந்த நாள்ல மாலை போடுவாங்க? எந்நேரத்துக்குங்க? எதுமேல நின்னு போடுவாங்க?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கப்பா?" என்றேன். ஆண்பிள்ளை இல்லாத நேரத்தைத் துப்புப் பார்க்கிறானோ என்று பட்டது.

"ஆணி கம்பியில எறங்கி நிக்குதுன்னு நெனைக்கறனுங்க. படத்தை எறக்குனீங்கன்னா காட்டிடுவேன்."

"பத்து வருசமா ஒண்ணும் ஆவல, நீ காலை வச்சதும் ஆவுதா? நாளைக்கு ஆடி வெள்ளி. சாமியை எறக்க மாட்டேன்."

கொத்தனார் ஆட்கள் சாரம் கட்ட எங்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனதையும், சுவரோரம் தண்ணீர் ஊற்றி நனைத்து வைத்திருந்த செங்கல்லையும் அவர் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வாசலை ஒட்டியிருந்த பலகையிலிருந்து பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "காலையில வந்து போடறனுங்க" என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

அன்று முழுக்க எனக்கு ஆத்திரம். "பாத்தியா, வூட்டை இருட்டாக்கி நம்மளை வழிக்குக் கொண்டாரப் பாக்கறான்" என்றேன்.

"ஏனுங்க, சாமி படத்தையா தூக்கிட்டுப் போயிட்டாரு? ஒரு கட்டையத்தான?" என்றாள் மனைவி. "மண்டியில புளியைச் சந்தேகப்பட்டுப் பழகி, மனுசனையும் கொட்டை இருக்குதான்னு அமுக்கிப் பாக்கறீங்க."

நான் விடவில்லை. விடிந்ததும் மண்டிக்குப் போய் வீட்டுப் பலகையில் போட அங்கிருந்த பியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பு மடியில் கட்டிக்கொண்டேன். நேரே வீட்டுக்கு வந்திருப்பேன். ஆடி வெள்ளியாயிற்றே என்று வழியில் கோட்டைக் கோயிலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். உள்ளே நுழைந்தால், மனைவி தலைமுழுகி ஈரக் கூந்தலோடு, அந்த நனைந்த செங்கல் அடுக்கின் மேல் வெறுங்காலோடு நின்று, ஒரு கையால் ஆணியைப் பிடித்தபடி மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முக்காலிதான் இல்லையே. "இருங்க, வெளக்கேத்துனதும் கும்பிடலாம்" என்றாள். நான் மடியை அவிழ்க்கக் கை வைத்தேன். வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

வந்த வயர்மேன் அவளைச் செங்கல் மேல் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, தம் பையிலிருந்த கட்டையைப் பலகையில் போட்டார். பல்பு கோத்த இரண்டு கம்பிகளில் ஒன்றை ஆணியில் வைத்தார். மற்றதை மண்ணில் இறக்கியிருந்த இரும்புக் கம்பியில் தொட்டார். முருகன் முகத்துக்கு நேராகப் பல்பு பளீரென்று எரிந்தது.

என் மனைவி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். நான் முருகா என்று தரையில் விழுந்தேன். விழுந்தபோது மடியிலிருந்த கட்டை நழுவிச் சிமெண்டுத் தரையில் உருண்டு அவர் காலடியில் போய் நின்றது.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். மண்டியில் பியூஸ் கம்பி கட்டியதும் அவர்தான். அவர் கைமுறுக்கு அவருக்குத் தெரியாமல் போகுமா? எதற்காகக் கொண்டுவந்தேன் என்பதும் புரிந்திருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "கொண்டு போய் மண்டியில போட்டுருங்க. மூட்டை எறக்கறவங்க இருட்டுல தடுமாறுவாங்க." பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார். "மொதல்ல அந்த அம்மாவுக்கு முக்காலியைக் குடுங்கப்பா. இத்தன வருசம் அந்தக் காஞ்ச மரந்தான் காப்பாத்தியிருக்குது."

பட்டி முழுவதையும் கழற்றிப் புதிய லைன் போட்டார். நான் பக்கத்தில் உட்காரவில்லை. பழைய கம்பியை அவர் ஓர் அடிகூட எடுத்துப் போகவில்லை. கடைசியில் அந்த ஆணியை மட்டும் என் கையில் வைத்தார். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு டம்ளர் மோர்தான் கொடுத்தேன். அடுத்த வருஷம் பொம்மிடியில் ரயிலேறி ஊரைவிட்டே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது வீடு புதிது. கம்பியெல்லாம் குழாய்க்குள், சுவருக்குள். மனைவியும் இல்லை. மாலை போடும் மருமகள் என்னைவிட உயரம். முக்காலியே வேண்டாம். ஆனாலும் அதன் மேல் ஏறித்தான் போட வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே ஏறுவாள். அவள் இறங்கும்வரை நான் சம்புடத்தைத் திறந்து விரலால் அந்த ஆணியைத் தொட்டுக்கொண்டு நிற்பேன். இறங்கிய பிறகுதான் திருநீறு இட்டுக்கொள்வேன்.