விலைப்படாத வீட்டு முற்றத்தில் ஒரு பொங்கல்

போன மார்கழி முழுக்க எங்கள் வீட்டை வாங்க ஒருவரும் வரவில்லை. அந்த வீடு விலைப்படாமல் என் மனைவியைக் காப்பாற்ற எனக்கு வழியும் தெரியவில்லை.

பிள்ளைகளே, என்னை உங்களுக்குத் தெரியும். கோயில் வாசலில் உங்கள் ஜாக்கெட்டுகளைக் கொழுவி வைக்கிற மாமாதான். எனக்குப் பெரிய படிப்பில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒஸ்லோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் தள்ளி, ஒரு பள்ளத்தாக்குக் கிராமத்தில் எங்கள் வீடு. அகதியாக வந்த எங்களை அங்கேதான் இருத்தினார்கள். மர ஆலையில் வேலை கிடைத்தது. மலைச்சரிவில் அந்த வீட்டை வாங்கினோம். மகள் ஆரணி அங்கேதான் பிறந்தாள். நல்ல வீடு. குறை சொல்ல மாட்டேன்.

பிறகு மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகின. கிழமையில் மூன்று நாள் ஒஸ்லோ ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கார்த்திகையில் ஒரு நாள் பனி கொட்டி வீதியை மூடிவிட்டது. போக முடியவில்லை. அடுத்த நாள் அவவுக்கு முகம் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. பனி வழிக்கிற வாகனம் முன்னாலே போக, அம்புலன்ஸ் பின்னாலே ஊர்ந்து வந்தது. டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தரம் இப்படி நடந்தால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் வந்து இருங்கள்" என்றார்.

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் படி ஏறத் தேவையில்லாத ஒரு வீடு பார்த்தோம். அந்த வீட்டுக்காரர் தை முடியும் வரை பொறுப்பதாகச் சொன்னார். எங்கள் வீட்டை விற்றால்தான் அதை வாங்கலாம்.

வீடு விற்றுத் தருகிற மெக்லர் நல்ல பெடியன். "வருபவர்களுக்கு இது தங்கள் வீடு மாதிரித் தெரிய வேண்டும். உங்கள் சாமான்களை மறைத்து வையுங்கள். சமையல் வாசமும் வேண்டாம்" என்றான். அவன் சொன்னபடி செய்தோம். பொரியல் நின்றது. தாளிதம் நின்றது. வீடு பார்க்கிற நாளை இஞ்சை விஸ்னிங் என்பார்கள். அந்த நாட்களில் சாமிப் படங்களைப் பெட்சீற்றில் சுற்றிக் காரில் ஏற்றி, பெற்றோல் ஸ்டேஷனில் போய்க் காத்திருப்போம்.

முதல் நாள் ஆரணி கேட்டாள். "அப்பா, பிள்ளையாருக்குச் சீற் பெல்ட் போட்டனீங்களோ?"

"அவரின்ரை வயித்துக்கு அது எட்டாது. விடு பிள்ளை" என்றா மனைவி. சிரித்தோம்.

பிறகு வந்த விஸ்னிங்குகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மெக்லர் போன் எடுத்து ஒரே வசனத்தைத்தான் சொன்னான். "இன்றைக்கும் ஒருவரும் வரவில்லை."

ஜன்னலுக்கு வெளியே பனி. பனிக்கு அங்காலே காடு. மூன்று மணிக்கே இருட்டு. எல்லாக் கதவுத் திறப்பும் என் கையில்தான் இருந்தது. ஆனாலும் மறியல் சிறையில் இருப்பது போல இருந்தது. இரவில் அவவின் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். பனி கொட்டுகிற சத்தம் கேட்காது பிள்ளைகளே. அதுதான் கூடப் பயம்.

பொங்கலுக்கு முதல்நாள் மனைவி கேட்டா. "நாளைக்கும் சாமியைக் காரிலையே வைக்கப் போறீங்களோ?"

"வீட்டுக்குள்ளை வாசம் நிக்குமெண்டு மெக்லர்..."

"அப்ப முத்தத்திலை பொங்குங்கோ. சூரியனுக்குத்தானே பொங்கிறது, மெக்லருக்கே?"

படங்களைத் திரும்பக் கொண்டுவந்து சுவரில் மாட்டினேன். விடிய எழும்பி, நிலம் தெரியுமட்டும் பனியை வழித்தேன். கராஜில் கிடந்த கல்லை வைத்து அடுப்பு மூட்டினேன். உள்ளே கம்பளிக் காற்சட்டை, மேலே வேட்டி, அதற்கு மேலே பெரிய ஜாக்கெட். பானைக்கு முன்னால் முழங்காலில் இருந்துவிட்டேன். பெரிய மந்திரம் ஒன்றும் வரவில்லை. "முருகா, எனக்கு ஏலாமல் கிடக்கு. இவளை இஞ்சையிருந்து எடுத்துவிடு" என்று மட்டும் கேட்டேன். அழுதேன். மனைவி கம்பளியைச் சுற்றிக்கொண்டு வாசலில் கதிரை போட்டு இருந்தா.

மலைக்கு மேலாலே வெயில் வந்து முற்றத்தில் விழுந்தது. பால் பொங்கிச் சரிந்தது. ஆரணி, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள். அந்த நேரம் கீழ் வீதியால் போன ஒரு கார் நின்று, எங்கள் முற்றத்துக்கு ஏறி வந்தது.

ஒரு நோர்வேஜியச் சோடி. "புகையைப் பார்த்து வீடு பற்றுகிறதோ என்று ஓடி வந்தோம்" என்றா அந்தப் பெண். புருஷன் பானையைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார்.

"ஜனவரியிலும் இங்கே வெயில் வருமா?"

"ஓம், ஒவ்வொரு நாளும் காலமை வரும்" என்றேன்.

"இந்த வீட்டு விளம்பரத்தைப் பார்த்தோம். படத்தில் ஒரே இருட்டு. அதனால் வரவில்லை. ஆற்றங்கரையில் நாங்கள் இருக்கிற வீட்டுக்கு, குளிர்காலம் முடியும் வரை வெயில் எட்டிக்கூடப் பார்க்காது."

எனக்குத் தலையில் அடித்தது போல இருந்தது. நாங்கள் வெயிலுக்கு ஒதுங்கி வளர்ந்த ஆட்கள். வெயிலை வீட்டின் பெருமையாக மெக்லரிடம் சொல்ல வேண்டுமென்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. படம் எடுத்ததும் விஸ்னிங் வைத்ததும் எல்லாம் பின்னேரம், இருட்டினாப் பிறகு. இந்த நாட்டுச் சனம் வீடு பார்க்கும்போது முதலில் கேட்பதே வெயிலைத்தான்.

இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். சுவரில் பிள்ளையாரும் முருகனும் இருந்தார்கள். அந்தப் பெண் என் மனைவிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு தரம் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டா. அடுத்த கிழமை வீடு அவர்களுடையது என்று முடிவானது. தை முடிய முதல் நாங்கள் லோறென்ஸ்கூக்குக்கு வந்துவிட்டோம்.

நோய் மாறிவிட்டது என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். மாறவில்லை. ஆனால் இப்போது அவ தனியாகவே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வாறா. வந்தவுடன் சப்பாத்தைக் கழற்ற முதலே, "தேத்தண்ணி வைச்சாச்சோ?" என்று அதட்டுவா. அந்த அதட்டலைக் கேட்கும்போதெல்லாம் முருகனுக்கு நன்றி சொல்லுகிறேன்.

உங்களுக்கும் ஒரு பக்கமும் அசைய முடியாத நாள் வரலாம். பள்ளிக்கூடத்தில் வரலாம், வீட்டில் வரலாம். அப்போது வெட்கப்படாமல் முருகனிடம் கேளுங்கள். அழகாகக் கேட்க வராவிட்டால் அழுதாவது கேளுங்கள். அவர் கேட்பாரோ என்று சந்தேகம் வந்தால், வெள்ளிக்கிழமை பூசைக்கு வாருங்கள். மாமி தன்ரை காலாலே நடந்து வருவா.